மேலுதட்டு ரோமமும் ஒரு விஷக் களிம்பும்

ஆண்மகன் ஒருவன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டாலும், மழமழவென்று மழித்துக்கொண்டாலும், நாலு நாள் க்ஷவரம் செய்யாமல் திரிந்தாலும் அது அவனுடைய இஷ்டம் என்று விட்டுவிடுகிற உலகம், ஒரு ஸ்திரீயின் மேலுதட்டில் பூனைமயிர் சற்றே கறுத்துவிட்டால் மட்டும் அதை அவள் செய்த அபராதமாகவே பாவிக்கிறது. இந்தப் பட்சபாதம் வெறும் ரசனை விஷயந்தானே என்று சிரித்து ஒதுக்குகிறவர்கள், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க தேசத்தில் நடந்ததைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

ஆடவருக்குப் பிளேடு விற்றுப் பெயர்பெற்ற ஜில்லெட் கம்பெனி 1915-இல் பெண்களுக்கென்றே ஒரு சவரக் கருவியை வெளியிட்டது. கையில்லாத உடுப்புகள் நாகரிகமாகி வந்த அந்தச் சமயத்தில், அதுகாறும் பெரும்பாலோர் பொருட்படுத்தாத அக்குள் ரோமம் அவலட்சணமென்று பத்திரிகை விளம்பரங்கள் உபதேசிக்கலாயின. கத்தியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. கீறினால் படிகாரம் இருக்கிறது. ஆனால், கத்தி பட்டால் ரோமம் தடித்து வளரும் என்னும் ஆதாரமற்ற பயத்தினால், முகத்துக்கு வேறு உபாயம் தேடினார்கள் பலர். எக்ஸ் கதிர் பட்ட இடத்தில் ரோமம் உதிர்வதை வியன்னா வைத்தியர் லியோபோல்ட் பிராய்ண்ட் 1896-இலேயே காட்டியிருந்தார். அந்த வித்தையை 1920-களில் ஆல்பர்ட் கெய்சர் என்ற டாக்டர் ‘டிரைக்கோ’ என்னும் யந்திரமாக்கி அழகு நிலையங்களில் அமர்த்த, வலியில்லை என்று நம்பி அதன் முன் முகத்தை நீட்டிய பெண்களில் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணாயிற்று. சிலருக்கு ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோயும் கண்டது.

‘கோரெம்லு’ என்ற களிம்பின் கதை இதனினும் கொடிது. அதில் கலந்திருந்த தாலியம், எலிகளைக் கொல்ல அந்நாளில் பிரயோகித்த விஷம். உதட்டின்மேல் தடவியவர்களில் சிலருக்குத் தலைமயிர் உதிர்ந்தது, கால்கள் செயலிழந்தன, பார்வையும் மங்கிற்று. நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்து 1932-இல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. எனினும் அழகுசாதனப் பொருள்கள் மத்திய சர்க்காரின் சட்ட வரம்புக்குள் வந்தது 1938-இல்தான்.

லஜ்ஜையால்தான் இந்த வியாபாரம் செழித்தது என்பது என் அபிப்பிராயம். குடும்ப வைத்தியரிடம் வாய்திறக்கக் கூசியவள், ரகசியம் காப்பதாகச் சொன்ன கடைக்காரனை நம்பினாள். நம் வீடுகளிலும், கூடத்தில் நாலு பேர் முன்னிலையில் ‘என்னடி, மீசை முளைக்கிறது?’ என்று அத்தை கேலி செய்தால், பெண் ஓடுவது நூல் போடுகிற அழகு நிலையத்துக்கேயன்றி மருத்துவரிடம் அன்று. (இப்போது மார்பு ரோமத்தை லேசரால் களையும் வாலிபர்களும் உண்டு, அவர்களை எந்த அத்தையும் கேட்பதில்லை.) கஸ்தூரி மஞ்சள் பூசுவதையோ புருவம் திருத்துவதையோ நான் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் தாடையில் முரட்டு ரோமம் புதிதாக அரும்புவது, சினைப்பை நீர்க்கட்டி முதலிய ஹார்மோன் கோளாறுகளின் அறிகுறியாகவும் இருக்கலாமாதலால், லேசர் நிலையங்கள் கட்டணத்தை வாங்குமுன் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்து, சந்தேகமிருப்பின் மருத்துவரிடம் அனுப்பியே தீரவேண்டுமென்று சர்க்கார் விதி செய்யவேண்டும்.