பரிசு பெறாதவர்களின் ஓட்டம்

பள்ளியாண்டின் முதல் மாதங்களில், மெரந்தாஸ் டேசா என்று பிள்ளைகள் மலாய்ப் பெயராலேயே சொல்லிப் பழகிவிட்ட குறுக்கோட்டம் நம் மலேசிய நாட்டுப் பள்ளிகள்தோறும் நடைபெறும்போது, கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளை ஒட்டிய பாதைகளில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே விசில் சத்தத்துக்குப் புறப்பட்டு, பாதி வழியில் இளைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரித்தபடி வந்து சேர்வதைக் கண்டிருக்கிறேன். முன்னால் வந்த சிலருடைய பெயர்களை ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அவர்களுக்கு மாவட்டப் போட்டி, தனிப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் காத்திருக்கின்றன. மற்றவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் குளிர்பானமும் கிடைக்கின்றன. அவ்வளவில் அந்த ஆண்டுக்கான ஓட்டம் முடிவடைந்துவிடுகிறது. இந்த மற்றவர்களைக் குறித்தே நான் எழுத முற்படுகிறேன், ஏனெனில் எந்தப் பள்ளியிலும் பெரும்பான்மையோர் இவர்கள்தாம்.

ஓடுவதில் இயல்பான ஆனந்தம் கொண்டிருந்த பிள்ளை, தான் பரிசுக்குரியவன் அல்லன் என்பதை இரண்டொரு ஆண்டுகளில் தெரிந்துகொண்டு, நான்காம் படிவம் ஏறியதும் எஸ்.பி.எம். தேர்வையும் மாலை டியூஷன் வகுப்பையும் காரணமாகச் சொல்லி ஓட்டத்தை விட்டுவிடுகிறான். பிறகு மெட்ரிகுலேஷனுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மலையைவிட்டுக் கீழே இறங்கிப் போய், விடுதி அறையில் நாற்காலியோடு நாற்காலியாக இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழிக்கிறான். இருபது வயதில் பருவ விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்பும்போது, தாத்தா ஏறிய அதே மேட்டில் நின்று மூச்சு வாங்குகிறான். ஓட்டத்தைத் திறமைசாலிகளின் தனிச்சொத்தாக நாம் ஆக்கிவிட்டோம் என்பதும், அதைச் சாதாரண மாணவனுக்கு மீட்டுக் கொடுக்க வேண்டிய கடமை பள்ளிக்கும் பெற்றோருக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் உண்டு என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்த மலைக்கு உடலுழைப்பு புதிதன்று. 1929-இல் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் பாரத் தோட்டம் உண்டானபோதும், காட்டை அழித்துச் சரிவைத் திருத்திக் கன்று நட்டவர்களுள் தமிழர்களின் பங்கு பெரிது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, கூடையை முதுகில் மாட்டி, ஒரு நாளில் எத்தனையோ முறை மேடேறி இறங்கிய அந்தத் தலைமுறையினருக்குத் தேகாப்பியாசம் என்று ஒன்றைத் தனியே தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அதற்கு நேரமோ தெம்போ மிஞ்சியிருக்காது. அந்த வாழ்வை நான் சிலாகிக்கவில்லை. அந்தக் கஷ்டத்திலிருந்து தங்கள் பிள்ளைகள் விடுபட வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பாடுபட்டார்கள், பிள்ளைகளும் விடுபட்டார்கள். இன்று கொழுந்து எடுக்கும் வேலையில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளிகளும் அதிகமாக இருக்கிறார்கள். லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கணக்கியலும் பொறியியலும் படிக்கிறார்கள். ஆனால் உழைப்பு விடைபெற்றுப் போனபோது சாப்பாடு மட்டும் உழைப்பாளியின் சாப்பாடாகவே நின்றுவிட்டது: அதே அளவு சோறு, அதே சர்க்கரைத் தேநீர், அதற்கு மேல் இரவு பத்து மணிக்கு ஒரு ரொட்டிச் சானாய்.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டு வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், ஏறத்தாழச் சரிபாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டிருப்பதாகவும் கண்டது. இன வாரியாகப் பார்க்கையில் நீரிழிவு மிக அதிகமாக இருப்பது இந்தியரிடையேதான். நாற்பது வயதில் கிளினிக்கில் மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நிற்கும் மனிதனின் வியாதி, பெரும்பாலும் அவன் ஓடுவதை நிறுத்திய மாணவப் பருவத்திலேயே வேர்விடத் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பெற்றோரே, மகன் மாலையில் காலணியை மாட்டினால், "ஓடி என்னத்தய்யா சாதிக்கப் போற, போய்ப் புத்தகத்த எடு" என்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் அச்சத்தை நான் மதிக்கிறேன். படிப்பொன்றே தங்களைக் கைதூக்கிவிட்டது என்று அனுபவத்தால் அறிந்தவர்கள் வேறெவ்விதம் பேசுவார்கள்? ஆனாலும் அவர்களுக்குச் சொல்வதற்கு நம்மிடமே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன், பதினாறு வயதில் 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஓடினார். பின்பு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஆண்டுகளில், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கமும், 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் அரையிறுதி இடமும் பெற்றார். 1966 பாங்காக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள். 1968 மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நிலைத்திருந்தது. பறக்கும் மருத்துவர் என்று உலகம் அழைத்த அந்த மனிதருக்கு ஓட்டம் படிப்பைக் கெடுக்கவில்லை. அவர் பின்னாளில் சுகாதார அமைச்சின் உயர் பதவியையும் வகித்தார். 1954-இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடிமுடித்த ரோஜர் பானிஸ்டரும் அப்போது மருத்துவ மாணவரே. மதிய இடைவேளையில் கிடைத்த சொற்ப நேரத்தில் பயிற்சி செய்தவர். இவர்களைப்போல் நம் பிள்ளைகள் ஆக வேண்டும் என்பதற்காக இவர்களைக் குறிப்பிடவில்லை. அவ்வளவு உக்கிரமான ஓட்டமே அவ்வளவு கடினமான படிப்போடு சேர்ந்து வாழ முடிந்ததென்றால், வாரத்தில் மூன்று மாலைகள் அரைமணி நேரம் மெதுவாக ஓடுவது எந்தப் பரீட்சையைக் கெடுத்துவிடும் என்றுதான் கேட்கிறேன்.

கல்வித்துறையின் ஏற்பாடுகளிலும் ஒரு கோணல் இருக்கிறது. பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் தொண்ணூறு பங்கு தேர்வுக்கும் பத்துப் பங்கு புறப்பாட நடவடிக்கைக்கும் ஒதுக்கப்பட்டிருப்பது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதே; ஆயினும் அந்தப் பத்துப் பங்கில் பதவியும் பிரதிநிதித்துவமும் வெற்றியும் எடை பெறுகின்றனவே தவிர, ஆண்டு முழுதும் தன் போக்கில் ஓடித் தன் சரீரத்தைப் பேணிக்கொண்ட மாணவனைப் பதிவுசெய்ய ஒரு கட்டமும் இல்லை. 2008-இல் வந்த செகாக் என்னும் மாணவர் உடற்தகுதிச் சோதனையில், மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கச் சொல்லி நாடித் துடிப்பை எண்ணுகிறார்கள். தண்டால் எடுக்கவும், படுத்தபடி உடலை உயர்த்தவும், உட்கார்ந்து கால்விரலை எட்டவும் வைத்து மதிப்பெண் இடுகிறார்கள். அளப்பது நன்றே. குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு மறுநாள் மாலையில் என்ன வழி காட்டினோம் என்பதற்கும், தேர்வு நெருங்கும் மாதங்களில் உடற்கல்விப் பாடவேளையைப் பல பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் தானம் செய்துவிடுகிறோமே என்பதற்கும் யார் பதில் சொல்வது?

விடுமுறைக்கு வந்த மாணவன் மீண்டும் ஓடத் தீர்மானித்தால் என்ன நேரிடுகிறது என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். பதினைந்து வயதில் தான் ஓடிய வேகம் அவனுக்கு நினைவிருக்கிறது. முதல் நாளே அந்த வேகத்தில் லயத்திலிருந்து தேயிலைக் கொட்டகை வரைக்கும் மேடேறப் பார்க்கிறான். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் கோலாலம்பூரில் இருப்பதைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. குளிர்ச்சி ஏமாற்றுகிறது, மூச்சு முட்டுகிறது. அதைச் சமாளித்துத் திரும்பி இறங்குகையில், இனிச் சுலபம் என்று எண்ணிக் காலை வீசி ஓடுகிறான். உண்மையில் ஏற்றத்தைவிட இறக்கமே தசையை அதிகம் வருத்துகிறது, ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மறுநாள் காலை படியிறங்கக் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான். அதற்கு மறுநாள் வலி இன்னும் அதிகம். எப்படியோ இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் ஓரமாக விரலை வைத்தால் சுரீரென்று குத்தும் ஒரு வலி வந்து சேர்கிறது. அத்துடன் காலணி கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. நமக்கு இது சரிப்படாது என்னும் முடிவுக்கும் வந்துவிடுகிறான்.

அவனுக்கு யாரும் சொல்லாத சங்கதி இதுதான்: ஓட்டத்தை விட்ட இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து இதயத்தின் திறன் இறங்கத் தொடங்குவது உண்மையாயினும், மீண்டும் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே கணிசமாகத் தேறிவிடுகின்றன, தசைநாணும் எலும்பும் அவ்வாறு அவசரப்படுவதில்லை, அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று கால் தாங்காத வேகத்தில் ஓடுவதால்தான் திரும்பி வருபவர்களில் பலர் காயப்படுகிறார்கள். ஆகவே முதல் மாதத்தில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதும், பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற வேகத்தை மீறாதிருப்பதும், இறக்கங்களை நடந்தே கடப்பதும், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு விடுவதும் மனவலிமை இல்லாதவன் செய்யும் காரியங்கள் அல்ல. சரீர சாஸ்திரம் அறிந்தவன் செய்யும் காரியங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயது இதயநோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். வயதுவந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பு; பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம். மலைப்பாதையில் மெதுவாக ஓடுகிறவனுக்கு இது எட்டாத இலக்கன்று.

எங்கே ஓடுவது என்பது இங்கே லேசான கேள்வியல்ல. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையிலுள்ள பெருஞ்சாலையில் வாரக்கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும் சுற்றுலா வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நடைபாதையில்லாத வளைவுகளில் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். காட்டுப் பாதைகள் அழகானவை, ஆனால் பனி இறங்கினால் திசை தெரியாது. 1967 மார்ச்சில் இந்த மலையில் உலாவச் சென்ற தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் என்ன ஆனார் என்பது இன்றுவரை விளங்கவில்லை. தனியே காட்டுக்குள் போகும் இளைஞர்கள் அதை நினைவில் கொள்வது நலம். ஆகக்கூடித் தோட்டத்தின் உட்பாதைகளும் பள்ளித் திடலுமே ஓடத் தகுந்த இடங்களாக மிஞ்சுகின்றன. நேரமும் குறுகியது. நம் நாட்டில் பொழுது நன்றாக விடியவே காலை ஏழு மணியைத் தாண்டிவிடுகிறது, அதற்குள் பள்ளி மணி அடித்துவிடும், பிற்பகலில் மழை. மழை விட்டு இருட்டுவதற்குள் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், திடலின் வாயிற்கதவு பூட்டியிருந்தால் பிள்ளை எங்கே போவான்?

பரிசில்லாத ஓட்டத்தை ஒரு சமூகம் ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு. 1960-களில் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு, ஒலிம்பிக் வீரர்களைப் பயிற்றுவித்த கையோடு, நடுவயதினரைப் பேசிக்கொண்டே மெதுவாக ஓடவைத்தார். அதைக் கண்டு வியந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அந்த வழக்கத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் ஓடியதில் தொடங்கிய பார்க்ரன் என்னும் சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, நடப்பவர்களுக்கும் அதில் இடமுண்டு. 2018-இல் அது கோலாலம்பூரின் தாமான் பூடு உலுவுக்கும் வந்துவிட்டது. வெளியூர் மக்கள் பந்தயக் கட்டணம் செலுத்தி இந்த மலைக்கு ஓட வருகிறார்கள். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைக் காலை கூட ஏற்பாடாகவில்லை என்றால் அது நியாயமாகுமா?

பள்ளித் திடலை வாரத்தில் இரண்டு மாலைகள், முன்னாள் மாணவர்களுக்கும் சேர்த்துத் திறந்துவிட வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தத்தம் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரட்டும். தோட்ட நிர்வாகங்கள், கொழுந்து லாரிகள் ஓய்ந்த பின் எந்த உட்பாதையில் ஓடலாம் என்று நிச்சயித்து, வாயிற்காவலரிடம் அதைச் சொல்லி வைக்கட்டும். அங்கே பாதையின் நீளத்தைக் குறிக்கும் சில பலகைகளுக்கு மேல் செலவு எதுவும் ஆகப்போவதில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மெரந்தாஸ் டேசாவில் பையன்களுக்குச் சமமாக ஓடிய சிறுமி பதினாறு வயதானதும் பாதையிலிருந்து மறைந்துபோகிறாள். பெற்றோரின் அச்சமும், பார்க்கிறவர்களின் பேச்சும், அரைக்கால் சட்டை பற்றிய சங்கடமும் சேர்ந்து அவளை வீட்டுக்குள் நிறுத்திவிடுகின்றன. அவளைத் தனியே அனுப்பச் சொல்லி நான் எந்தத் தாயையும் கேட்க மாட்டேன். முழுக்கால் சட்டையோடும் ஓடலாம். நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து ஓடலாம். அவர்களின் தாய்மார்கள் அதே பாதையில் நடக்கலாம். மருத்துவர் நடக்கச் சொல்லியும் நேரமில்லை என்று தள்ளிப்போட்டு வரும் தாய்மார்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். பாதையின் முனைவரை ஓடித் திரும்பும் மகள் வழியில் தாயைக் கடந்து போவாள், மீண்டும் எதிரே வருவாள்; ஊர்ப் பேச்சுக்கு அங்கே இடமிராது, ஒரே அரைமணி நேரத்தில் இருவருடைய சரீரத்துக்கும் செய்ய வேண்டியது நடந்துவிடும். வருகிற பருவ விடுமுறையில் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் சுங்கை பாலாஸிலும் இதைத் தொடங்கிவைக்க, ஊருக்கு ஓர் ஆசிரியையும் ஒத்த மனமுடைய மூன்று தாய்மார்களும் முன்வந்தால் போதும்.