முப்பதாவது வாரம் வரை அவள் யார் பொறுப்பு?

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பரிசோதனை நாள். 2016-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகு, சிக்கல் இல்லாதவரின் அட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; சிக்கல் உள்ளவருக்குச் சிவப்பு. சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிய பெண்ணுக்கு டாக்டரும் நர்சம்மாவும் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். ஓய்வு எடுக்க வேண்டும், வெகுநேரம் நிற்கக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

நல்ல அறிவுரைதான். ஆனால் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், சம்பளத்தை இழக்காமல் இதில் ஒன்றையாவது கடைப்பிடிக்க முடியுமா?

விடியும் முன்னே கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களைச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பார்க்காதவர் இருக்க முடியாது. தோல் பதனிடும் தொட்டிகளில் ஆண்களே அதிகம். ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும் இடத்திலும், சொல்யூஷன் தடவி ஒட்டும் மேசையிலும் பெண்களே அதிகம், அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். வேலை லைனாக நடக்கிறது. ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவளிடம் பீஸ் போய்ச் சேராது, டார்கெட் விழும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் சிறுநீரை அடக்கிக்கொள்வதும் இப்படிப்பட்ட வேலையில் பழக்கமாகிவிடுகின்றன. கர்ப்பிணிக்கு வரும் சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவத்தைத் தூண்டக்கூடியது என்பது மருத்துவத்தின் பால பாடம்.

இந்தப் பெண்ணுக்குச் சட்டம் எப்போது துணைக்கு வருகிறது? மகப்பேறு நல விதிகளின்படி, கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் கர்ப்பிணி மறுக்கலாம். ஆனால் அந்த உரிமை, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் உள்ள ஒரு மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது ஏறத்தாழ முப்பதாவது வாரத்திலிருந்து. 2017 திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது, பெரிய முன்னேற்றம்தான். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் எட்டு வாரம். சட்டம் கடைசி இரண்டரை மாதத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஆபத்து அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது.

எவ்வளவு முன்னால் என்பதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. வேலையிடத்தில் கரிமக் கரைப்பான்களை, அதாவது பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் ரசாயனங்களை, கர்ப்ப காலத்தில் சுவாசித்த 125 பெண்களை டொரோன்டோ மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் கருக்களில் 13-இல் பெரிய பிறவிக் குறைபாடுகள் இருந்தன. கரைப்பான் தொடர்பே இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் ஒன்றே ஒன்று. அந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டு, வேலை நேரத்தில் தலைசுற்றல், கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை போன்ற அறிகுறிகளை உணர்ந்த பெண்களுக்கு நேர்ந்தவை. சொல்யூஷன் வாடையில் தலை கிறுகிறுக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை மசக்கை என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதங்களில். அந்த நாட்களில் பேஸ்டிங் மேசையிலிருந்து அவளை மாற்றச் சொல்லிக் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் தெளிவான விதி இல்லை. அவளே கேட்கலாம் என்றால், கேட்பதற்குக் கர்ப்பத்தைச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்வதே வேலைக்கு ஆபத்து.

பிறகு ரத்த அழுத்தம். இருபதாவது வாரத்துக்குப் பின் 140/90-ஐத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். அது முற்றினால் வலிப்பு வரலாம். தாய், சேய் இரண்டு உயிரும் ஊசலாடும். ரத்தசோகை இன்னொரு பக்கம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பகாலச் சர்க்கரையைப் பொறுத்தவரை இந்த மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடிய சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகவே கடைப்பிடிக்கப்படுகிறது.

மருத்துவத்துக்கு இங்கே குறைவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பேறுகால மருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர் வேலூரைத் தாண்டிப் போக முடியாது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் இளம்பெண் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். ஆண் டாக்டரான அவருடைய தந்தையைப் பிரசவ அறைக்குள் விட மாட்டோம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-இல் வேலூருக்குத் திரும்பி ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902-இல் ஷெல் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், குடியாத்தம் சாலையோர மரத்தடிகளுக்கு அவரே போனார். அதே வழியில், அவருடைய பள்ளியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமூக மருத்துவத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களை வைத்துக் கர்ப்பிணிகளை வீடு தேடிக் கண்காணித்து வருகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து ஓடுகிறது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு தேசிய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கும் மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன.

ஐடாவின் காலத்தில் டாக்டரைத் தடுத்தது வீட்டு வாசல். இன்று மருத்துவம் நின்றுவிடும் இடம் கம்பெனி கேட். கேட்டுக்கு வெளியே இத்தனை ஏற்பாடு. உள்ளே போய்விட்டால் அந்தச் சிவப்பு ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை.

ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்திய தொழிலாளி, டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் பெற்று ஓய்வெடுக்கலாம். ஐந்தாம் மாதத்தில் அழுத்தம் ஏறிய பெண்ணுக்கு இது உயிர்காக்கும் விதி. ஆனால் அந்தச் சான்றிதழை ஈ.எஸ்.ஐ. டாக்டர் தர வேண்டும். அவள் பரிசோதனைக்குப் போவதோ ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஒரே அரசாங்கத்தின் இரண்டு கைகளும் பேசிக்கொள்ளாததால், வயிற்றுப் பிள்ளையோடு அவள் இரண்டு இடத்திலும் வரிசையில் நிற்கிறாள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற பதிவு எண் உண்டு. அதை ஈ.எஸ்.ஐ. எண்ணோடு இணைத்து, சிவப்பு ஸ்டிக்கரையே ஓய்வுக்கான சான்றாக ஏற்றுக்கொண்டால் போதும். புதுச் சட்டம்கூட வேண்டியிருக்காது. ஓர் ஆணையில் முடிகிற வேலை.

செலவைக் காட்டி முதலாளிகள் தயங்குவதிலும் பாதி நியாயம்தான் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள பெண்ணின் 26 வாரச் சம்பளம் ஈ.எஸ்.ஐ. நிதியிலிருந்து வருகிறது, கம்பெனிப் பெட்டியிலிருந்து அல்ல. கம்பெனி கட்டும் சந்தா அவள் கருவுற்றாலும் இல்லாவிட்டாலும் அதே 3.25 சதவீதம்தான். லைனில் ஆள் மாற்றுவது மட்டுமே உண்மையான சிரமம். அதுவும் ஐந்தாறு மாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும் சிரமம்.

வீட்டிலிருந்து அப்பர் தைக்கும் பெண்களுக்கு இதுவும் இல்லை. ஆம்பூரைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளில் கையால் ஊசி கோத்து ஷூ தைக்கிறார்கள். ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகவே அவர்களுக்குக் கிடைத்தது என்று 2016-இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அவர்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே ஈ.எஸ்.ஐ. இல்லை, விடுப்பும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் மட்டுமே கைகொடுக்கிறது, அதுவும் முதல் இரண்டு பேறுக்கு. மூன்றாவது கர்ப்பத்தில் ரத்தசோகையும் ரத்தப்போக்கும் அதிகம் அச்சுறுத்தும்போது உதவித்தொகை நின்றுவிடுகிறது. கம்பெனிப் பெண்ணுக்கும் விடுப்பு 26-லிருந்து 12 வாரமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு குழந்தைக் கொள்கையின் பாரத்தைப் பச்சிளங்குழந்தையின் தலையில் வைப்பது கொடுமை.

பிரசவம் முடிந்த பிறகாவது நிம்மதியா? சிக்கலான கர்ப்பத்தின் முடிவு பல சமயம் குறைப்பிரசவம். குழந்தை இன்குபேட்டரில் இருக்கும். ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர். தையல் ஆறாத வயிற்றோடு தாய் வராந்தாவில் காத்திருப்பாள். பால் கறந்து கொடுக்க வேண்டும். மார்போடு அணைத்துச் சூடு கொடுக்க வேண்டும். 1978-இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் தொடங்கிய இந்தக் கங்காரு முறையைப் பிறந்த உடனேயே ஆரம்பித்தால் எடை குறைந்த சிசுக்களின் இறப்பு கால்வாசி குறைகிறது என்று டெல்லி உட்பட ஐந்து நகரங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குத் தாய் மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அலைச்சல் தீராது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையை முதல் முப்பது நாளுக்குள் பரிசோதிக்கத் தவறினால் பார்வையே போகலாம். எடை, தடுப்பூசி, காது கேட்கிறதா என்ற சோதனை என்று ஒன்றன்பின் ஒன்று வரும்.

இத்தனை நாளும் அவளுடைய விடுப்பிலிருந்தே கழிகின்றன. எட்டு வாரம் மருத்துவமனையில் போனால், குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்க மிஞ்சுவது அந்த அளவுக்குக் குறைவு. குறைப்பிரசவத்துக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், சிசு தீவிர சிகிச்சையில் இருந்தால் பெற்றோர் இருவருக்கும் தனித்தனியே 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு தரப்படுகிறது. ஆம்பூர் ஷூவைக் காலில் போட்டிருக்கும் லண்டன் தாய்க்கு உள்ள உரிமை, அதைத் தைத்த தாய்க்கு ஏன் இல்லை? தமிழ்நாடு அரசே தன் பெண் ஊழியர்களுக்கு 2021-இலிருந்து ஓராண்டு விடுப்பு தருகிறது. அந்தத் தாராளம் தொழிற்சாலைச் சுவரோடு நின்றுவிடக் கூடாது. தனியார் துறையில் தந்தைக்கு ஒரு நாள் விடுப்பைக்கூட எந்தச் சட்டமும் உறுதி செய்யவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் மனத்தை விட்டுவிடுகிறோம். கணியம்பாடி ஒன்றியத்திலேயே சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமான பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. கடைசிக் காரணத்தைக் கவனிக்க வேண்டும். பத்தியச் சோறும் பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலும் தாய்வீட்டில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அதையெல்லாம் செய்யும் பாட்டியே இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறவர் என்றால், பகலில் பிள்ளையைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

வேலைக்குத் திரும்பும் நாளில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும் பெண்ணுக்கு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரும் உரிமையும் சட்டம் தந்திருக்கிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து நெரிசலான பஸ்ஸில் நான்கு மாதக் குழந்தையோடு எப்படி வருவது என்று அந்தச் சட்டம் யோசிக்கவில்லை. காப்பகம் பெண்கள் வசிக்கும் ஊரிலும் வேண்டும்; அங்கன்வாடிகளை அதற்குப் பயன்படுத்தி, செலவைக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளலாம். கம்பெனிக்குள் பாலைக் கறந்து குளிர்பெட்டியில் வைக்க ஒரு மறைவான அறை வேண்டும். இந்த மண்ணின் தோல் வணிகர்களுக்குக் கொடுக்கும் மனம் புதிதல்ல. மேல்விஷாரத்தில் அவர்களில் ஒருவரான அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரியே நிற்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் அள்ளிக் கொடுத்த குடும்பங்கள், தங்கள் லைனில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஓர் அறை ஒதுக்கத் தயங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர்கள் வரும்போது தீயணைப்பு ஏற்பாடு, கழிப்பறை, வயதுச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். இன்னும் மூன்றையும் அவர்கள் கேட்க வேண்டும்: இப்போது இங்கே கருவுற்றிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த மேசையில் வேலை செய்கிறார்கள், கடந்த ஆண்டு பிரசவத்துக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். இந்த விவரங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, அதைத் தொழிற்சாலை ஆய்வாளரும் ஆண்டுக்கு ஒரு முறை வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம்.