சிங்கத்தைக் கடைசியில் காண்போம்: லூசர்ன் நகரில் ஒரு நாள்

சுவிட்சர்லாந்து என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன பனிமலை, கைக்கடிகாரம், சாக்லேட். திரைப்படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் ஆடிப் பாடும் பசும்புல்வெளியையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்நாட்டின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த ஏரியொன்றின் கரையில், லூசர்ன் என்னும் பழம்பெரும் நகரம் அமைந்திருக்கிறது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம்மவர்களில் பலர் அங்கே செல்லத் தவறுவதில்லை. ஆனால் எப்படிச் செல்கிறார்கள்? பேருந்து வந்து நிற்கிறது. பாறையில் செதுக்கிய சிங்கத்தின் முன் பத்து நிமிடம், புகைப்படம். மரப்பாலத்தில் பத்து நிமிடம், மீண்டும் புகைப்படம். கடிகாரக் கடையில் ஒரு மணி நேரம்! பிறகு டிட்லிஸ் பனிமலையை நோக்கிப் பயணம். "லூசர்ன் பார்த்தாயிற்று" என்று ஊர் திரும்பியதும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்படிப் பார்ப்பதை விடப் பாராமலே இருப்பது நன்று என்று நாம் சொல்ல மாட்டோம். பெற்றோர் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செல்லும் பயணத்தைக் குறை கூற நமக்கென்ன உரிமை? ஆனால் வரிசையை மாற்ற வேண்டும் என்று நிச்சயமாகச் சொல்வோம். அந்தச் சிங்கத்தை முதலில் பார்க்கக் கூடாது. கடைசியில் பார்க்க வேண்டும். அது ஏன் அழுகிறது என்பதை அந்த நகரம் முழுவதும் நடந்தால்தான் அறிய முடியும். அதற்கு ஒரு பகல் போதும். நல்ல காலணி இருந்தால் வாகனமும் தேவையில்லை.

ஜூரிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் லூசர்ன் வந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரி. அந்த ஏரியிலிருந்து ரெய்ஸ் என்னும் ஆறு புறப்படும் இடத்தில்தான் நகரம் பிறந்தது. ஆற்றைச் சாய்வாகக் கடக்கிறது கூரையிட்ட மரப்பாலம் ஒன்று. புனித பேதுருவின் சிற்றாலயம் அருகே இருப்பதால் அதற்குச் சிற்றாலயப் பாலம் என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதன் இன்றைய நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். பாலத்தை ஒட்டி ஆற்றின் நடுவே எண்கோண வடிவில் கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. அது பாலத்திற்கும் மூத்தது. சிறையாகவும், வதைக்கூடமாகவும், நகரின் கருவூலமாகவும் பயன்பட்டது. அழகிய அஞ்சல் அட்டைகளில் அந்தச் செய்தியை அச்சிடுவதில்லை.

பாலத்தின் கூரைக்கு அடியில் முக்கோண வடிவப் பலகைகளில் 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உண்டு. நாட்டின் வரலாறும், நகரின் பாதுகாவலர்களான புனித லெயோதெகார், புனித மவுரிசியு ஆகியோரின் வாழ்க்கையும் அவற்றில் தீட்டப்பட்டன. 1993 ஆகஸ்ட் 18-ஆம் நாள் அதிகாலையில் பாலம் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட்டே காரணம் என்று கருதப்படுகிறது. ஓவியங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின. முழுமையாகச் சீர்செய்ய முடிந்தவை 30 மட்டுமே. பாலத்தை எட்டே மாதங்களில், 1994 ஏப்ரலில், மீண்டும் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் ஓவியங்கள் இருந்த இடங்களில் வெற்றிடங்களை இன்றும் காணலாம். புதிய படங்களை வரைந்து மாட்டி அந்த இழப்பை மறைத்திருந்தால் பாலம் இன்னும் அழகாயிருந்திருக்கும் என்பவர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியில் இல்லை. எரிந்தது எரிந்ததுதான் என்று காட்டுவது நேர்மை.

பாலத்தின் தென்கரையில் சற்று நடந்தால் இரண்டு கோபுரங்களுடன் வெண்ணிறமாய் எழுந்து நிற்கிறது சேசு சபையினரின் ஆலயம். 1666-இல் தொடங்கி 1677-இல் நேர்ந்தளிக்கப்பட்ட இந்த ஆலயம் யாருடைய பெயரால் விளங்குகிறது தெரியுமா? நம் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரால்! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியுடன் தெருத் தெருவாய்ச் சென்று குழந்தைகளைக் கூட்டி, தமிழில் செபங்களைக் கற்பித்த அதே சவேரியார்தான். பனிமலை நாட்டில், இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த பளபளப்பான தூண்களுக்கு நடுவே நிற்கும்போது, மணப்பாட்டின் மணலும் கடற்காற்றும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. இங்கே வந்து ஒரு செபம் சொல்லாமல் கடிகாரக் கடைக்கு விரையும் நம்மவர்களை எண்ணினால் சற்று வருத்தமே. இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும். 1844-இல் லூசர்ன் அரசு சேசு சபையினரை மீண்டும் கல்விப் பணிக்கு அழைத்ததால் மூண்ட பகை 1847-இல் உள்நாட்டுப் போர் மூளக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1848-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அந்தச் சபைக்கே தடை விதித்தது. அத்தடை மக்கள் வாக்கெடுப்பால் நீங்கியது 1973-இல்தான். ஆலயம் இருந்தது, அதைக் கட்டிய சபைக்கு நாட்டில் இடமில்லை!

ஆலயத்திற்கு அருகில் உள்ளது ரிட்டர் மாளிகை. இத்தாலியப் பாணியில் அமைந்த அந்தக் கட்டடம் இப்போது மாநில அரசின் அலுவலகம். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைத் தனக்காகக் கட்டத் தொடங்கியவர் லூக்ஸ் ரிட்டர் என்ற நகரத் தலைவர். பனிமலை நாட்டு நகரத்தவர் ஒருவருக்கு இத்தாலிய அரண்மனை எழுப்ப எங்கிருந்து பணம் வந்தது? இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. ரிட்டர் கூலிப்படைத் தலைவர்.

சுவிட்சர்லாந்து என்றுமே செல்வ நாடாயிருந்தது என்பது நம்மிடையே பரவலான எண்ணம். அது சரியன்று. பாறையும் பனியும் மிகுந்த அந்த நாட்டில் உழுவதற்கு நிலம் குறைவு. ஒரு வீட்டில் நாலைந்து ஆண் மக்கள் பிறந்தால், மாடு மேய்க்க ஒருவர் போதும். மற்றவர்களுக்குச் சோறு வேண்டுமே! அவர்கள் பிற நாட்டு அரசர்களின் படைகளில் சம்பளத்திற்குச் சேர்ந்தார்கள். பிரான்சு அரசரும், இத்தாலியச் சிற்றரசர்களும், ஸ்பெயின் மன்னரும் சுவிஸ் வீரர்களை விரும்பினார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த நகரப் பெருங்குடும்பங்களுக்கு அந்த அரசர்களிடமிருந்து ஆண்டுதோறும் பணம் வந்தது. மாளிகை எழும்பியது அந்தப் பணத்தில். குருதி சிந்தியவன் மலைக்கிராமத்து இளைஞன்.

இதை எதிர்த்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். சவேரியார் ஆலயத்தின் பக்கச் சிற்றாலயம் ஒன்றில் பழைய அங்கி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அது புனித நிக்கொலாசு ஃப்ளூவே அணிந்தது. மக்கள் அவரை அன்போடு 'சகோதரர் கிளவுஸ்' என்பார்கள். 1417-இல் பிறந்த விவசாயி. தாமும் இளமையில் போர்க்களம் கண்டவர். 1467-இல் குடும்பத்தை விட்டு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் துறவியாய் வாழச் சென்றார். 1481-இல் சுவிஸ் மாநிலங்கள் தம்முள் போரிட்டுக்கொள்ளவிருந்த வேளையில், அவர் சொல்லியனுப்பிய அறிவுரையே சமாதானத்தைக் கொண்டுவந்தது. அந்நிய அரசர்களின் சண்டைகளில் தலையிட வேண்டாம் என்று அவர் எச்சரித்ததாக அந்நாட்டு மக்கள் போற்றிச் சொல்வார்கள். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஒன்று மட்டும் நம் மாணவிகளுக்காகச் சொல்ல வேண்டும். அவர் வீட்டை விட்டுச் சென்றபோது குழந்தைகள் பத்துப் பேர், கடைக்குட்டி கைக்குழந்தை. மனைவி தோரோத்தேயா சம்மதம் தந்தார்; பிறகு அந்தப் பத்துப் பேரின் வீட்டை அவர்தான் நடத்தினார். அங்கியைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் அந்த அம்மாளின் அடுப்பங்கரையையும் சற்று நினைக்கலாம்.

இன்னொருவரும் எதிர்த்தார். அவர் ஜூரிக் நகரின் உல்ரிக் ஸ்விங்லி. குருவாக இத்தாலியப் போர்களுக்கு வீரர்களோடு சென்று, அவர்கள் ஆயிரக்கணக்கில் மடிவதைக் கண்டவர். ஊர் திரும்பிக் கூலிப்படைச் சேவையைக் கடுமையாகக் கண்டித்தார். 1522-இல் ஜூரிக் அதற்குத் தடை விதித்தது. பின்னர் ஸ்விங்லி திருச்சபையை விட்டுப் பிரிந்த சீர்திருத்தத் தலைவரானார். கத்தோலிக்க மாநிலங்களுக்குத் தலைமை தாங்கிய லூசர்னோ அந்த வணிகத்தை நிறுத்தவில்லை. ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டு மலரில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதலாம் என்பதே நம் எண்ணம். நம்மவர் செய்தது என்பதால் தவறு சரியாகிவிடாது. பிரிந்து போனவர் சொன்னார் என்பதால் உண்மை பொய்யாகிவிடாது.

ஆற்றோரமாகவே நடந்தால் பதர்ப் பாலம் வரும். நகரின் பாலங்களில் இதுவே ஆற்றின் கீழ்ப்போக்கில் கடைசி. அதனால் ஆலைகளின் பதரையும் சருகையும் இங்கிருந்து மட்டுமே ஆற்றில் கொட்ட அனுமதி இருந்தது. அதுவே பெயருக்குக் காரணம். இங்கும் கூரைக்குக் கீழே ஓவியங்கள். 'சாவின் நடனம்' என்ற வரிசையைக் கஸ்பார் மெக்லிங்கர் 1626 முதல் 1635 வரை தீட்டினார். ஒவ்வொரு படத்திலும் எலும்புக்கூடு ஒன்று வந்து ஒருவரைக் கைப்பிடித்து அழைக்கிறது. சீமானும் சீமாட்டியும், குருவும், வீரனும், யாரும் தப்பவில்லை. சந்தைக்குப் போகும் மக்கள் நாள்தோறும் இந்தப் படங்களுக்குக் கீழேதான் நடந்திருக்கிறார்கள். பாலத்திலேயே தேவமாதாவின் சிறு ஆலயமும் உண்டு. அங்கே கூட்டம் இராது; உட்கார்ந்து இளைப்பாறலாம்.

பாலத்தைக் கடந்தால் மேட்டில் தெரிவது முசெக் மதில். நீளம் ஏறத்தாழ 870 மீட்டர், கோபுரங்கள் ஒன்பது. குளிர்காலத்தில் கோபுரங்களை மூடிவிடுவார்கள்; கோடையில் கட்டணமின்றி ஏறலாம். ஒரு கோபுரத்தில் 1535-ஆம் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது. நகரின் மற்றக் கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முன்னதாக மணியடிக்கும் உரிமை அதற்குண்டு. கடிகாரம் வாங்குவதற்கென்றே அந்த நாட்டிற்குச் செல்பவர்கள் இதைப் பார்க்காமல் திரும்புவது வேடிக்கைதான்.

மதிலின் மேலிருந்து நோக்கினால் நகரின் கூரைகளும் நீல ஏரியும், அப்பால் பிலாத்துஸ் மலையும் தெரியும். ஆம், விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்லும் அதே போஞ்சு பிலாத்துவின் பெயர்! அவருடைய ஆவி அந்த மலைமேல் ஒரு குளத்தில் அடைந்து கிடக்கிறது, யாராவது கலைத்தால் புயல் வரும் என்று அக்காலத்தார் நம்பினர். தடையை மீறி மலையேற முயன்ற ஆறு குருக்களை 1387-இல் நகர ஆட்சியினர் சிறையில் அடைத்தார்கள். 1889 முதல் அங்கே பற்சக்கர ரயில் ஓடுகிறது. ஒரு நாளே கையில் இருப்பவர்கள் மலையை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம் என்பது நம் யோசனை.

இனிச் சிங்கத்திடம் செல்லலாம். மதிலிலிருந்து இறங்கினால் சிறிது தூரம்தான். சிறு குளம், அதன் பின்னே செங்குத்தான மணற்பாறை, அதில் குடைந்த குழிக்குள் பத்து மீட்டர் நீளத்தில் சிங்கம் படுத்திருக்கிறது. விலாவில் முறிந்த ஈட்டி. பாதத்தின் கீழே பிரான்சு அரச குலத்தின் லில்லிப்பூக் கேடயம். டென்மார்க் நாட்டுச் சிற்பி தோர்வால்சன் வடிவமைத்தார்; லூக்காஸ் ஆகோர்ன் செதுக்கினார்; 1821 ஆகஸ்ட் 10-ஆம் நாள் திறந்தார்கள். 1792-இல் அதே நாளில் பாரிசில் துயிலெரி அரண்மனையைப் புரட்சிக் கூட்டம் தாக்கியபோது, பதினாறாம் லூயி மன்னரின் சுவிஸ் காவற்படையினர் எதிர்த்து நின்று மடிந்தார்கள். மன்னரோ குடும்பத்துடன் முன்பே வெளியேறிச் சட்டமன்றத்தில் தஞ்சம் புகுந்துவிட்டார். ஆயுதத்தைக் கீழே போடும்படி அவர் எழுதியனுப்பிய ஆணை வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. அவர்கள் காத்தது அரசனில்லாத அரண்மனை!

சுவிஸ் மக்களின் விசுவாசத்திற்கும் வீரத்திற்கும் என்று இலத்தீனில் மேலே பொறித்திருக்கிறார்கள். அந்த விசுவாசம் பொய்யன்று. 1527-இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது திருத்தந்தை ஏழாம் கிளமெந்தைக் காப்பாற்ற 147 சுவிஸ் காவலர் உயிர் கொடுத்தனர். இன்றும் மே 6-ஆம் நாள் புதுக் காவலர்கள் வத்திக்கானில் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் இந்தச் சிங்கத்தின் கீழே உள்ள எழுத்துகளையும் படிக்க வேண்டும். படைத்தலைவர்களுக்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். சாதாரண வீரர்களுக்கு இலத்தீன் எண்கள் மட்டுமே: இறந்தவர் 760, பிழைத்தவர் 350. காலையில் மாளிகையைப் பார்க்காமல், அங்கியைப் பார்க்காமல், நேரே பேருந்திலிருந்து இறங்கி வருபவர் கண்ணில் அந்த எண்கள் படுவதேயில்லை. நினைவுச்சின்னத்துக்கு முயற்சி எடுத்தவர் கார்ல் ஃபைஃபர் என்ற அதிகாரி. அதே படையைச் சேர்ந்தவர். தாக்குதல் நடந்த நாளில் விடுப்பில் லூசர்னில் இருந்ததால் உயிர் தப்பியவர். சம்பளத்திற்கு அரசனைக் காத்ததற்குச் சிலையா என்று அக்காலத்திலேயே சுவிஸ் மக்களில் ஒரு சாரார் எதிர்த்தார்கள். 1859-இல் அந்நாட்டுச் சட்டம் அந்நியப் படைச் சேவையைத் தடுத்துவிட்டது; உரோமையில் திருத்தந்தையின் காவற்படை மட்டும் தொடர்கிறது.

பொழுது சாய்வதற்குள் இன்னும் ஓரிடம். ஏரியோரம் ஊசிபோல் இரண்டு கோபுரங்களுடன் உயர்ந்து நிற்கும் ஹோஃப் ஆலயம் சிங்கத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. 1633-இல் தீக்கிரையாகிக் கோபுரங்கள் மட்டும் தப்ப, உடனே மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் பெரிய ஆர்கனில் மழையும் ஆலங்கட்டியும் பொழிவதுபோல் ஒலி எழுப்பும் கருவி ஒன்றும் உண்டு. புனித மவுரிசியு இங்கே பாதுகாவலர்களுள் ஒருவர். உரோமைப் பேரரசரின் படைத்தலைவராயிருந்தும், தன் விசுவாசத்திற்கு எதிரான கட்டளைக்குப் பணிய மறுத்துத் தம் வீரர்களோடு சுவிஸ் மண்ணிலேயே வேதசாட்சியானார் என்பது மரபு. பணிய மறுத்த போர்வீரன் ஒருவரைப் பாதுகாவலராய்க் கொண்ட நகரம் இத்தனை ஆயிரம் வீரர்களை விலைக்கு அனுப்பியது! ஆலயத்தைச் சுற்றிய தாழ்வாரங்களில் நகரப் பெருங்குடும்பங்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. குலச் சின்னங்களும் பெயர்களும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்துக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டு, ஏரிப்பாலத்தைக் கடந்தால் கால் மணி நேரத்தில் ரயில் நிலையம் வந்துவிடும்.