ஒரே கொடிவழி, ரெண்டு தலைவிதி: தாயகம் திரும்பியோரும் முகாம் மக்களும்



நம்ம விருதுநகர் மாவட்டத்துல "சிலோன்காரங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறோம். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு விதமான மக்கள் இருக்காங்க.

ஒரு பகுதி, 1964 ஒப்பந்தத்தின்படி, கையில் இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்த தாயகம் திரும்பியோர். இன்னொரு பகுதி, 1983 ஜூலைக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள். முதல் பகுதியினர் தமிழ்நாடு முழுக்க ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள். ரெண்டாவது பகுதியினர் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, ஆனைக்குட்டம், அனுப்பன்குளம், செவலூர், கண்டியாபுரம், மொட்டமலை போன்ற முகாம்களில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ரெண்டு பேரும் வந்தது ஒரே தீவிலிருந்து. தாண்டியது ஒரே கடல். பேசுவது ஒரே தமிழ். ஆனால் ஒருத்தர் வீட்டில் வாக்காளர் அட்டை இருக்கிறது, இன்னொருத்தர் வீட்டில் முகாம் அடையாள அட்டைதான் இருக்கிறது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நீளமான பதிவுதான், முழுசா படிங்க.

■ கப்பலில் வந்தவர்கள்

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனார்கள் கங்காணிகள். பஞ்சமும் கடனும் விரட்டிய மக்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் பக்கமிருந்து கிளம்பினார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் மலையகத்து மக்களின் வேர் நம்ம கரிசல் மண்ணிலும் இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேல் உழைத்து அந்தத் தீவுக்கே சோறு போட்ட அந்த மக்களை, சுதந்திரம் கிடைத்த அதே 1948-ல் இலங்கை அரசு ஒரு சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கியது. 1964 ஜூன் மாதம் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அவரைப் பிரதமராக்கியதில் முக்கியப் பங்கு, அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த நம்ம ஊர் காமராஜருக்கு. அந்த சாஸ்திரி, அதே ஆண்டு அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயகாவோடு ஒப்பந்தம் போட்டார். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு வார்த்தை அந்த மக்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. சந்தையில் ஆடு மாடு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள்.

அப்படி வந்தவர்கள், குழந்தைகளையும் சேர்த்து 4 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காக 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. நூற்பாலைகளில் வேலை, சிறு தொழில் கடன் என்று சில திட்டங்களும் வந்தன.

சொகுசாக வாழ்ந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த குடும்பத்துக்குப் பெட்டிக்கடை வைக்கக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? பல குடும்பம் நொடித்துப்போய் மறுபடி மலையேறியது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. டான்டீயில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு, லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் போகவில்லை.

ஆனாலும் ஒண்ணு இருந்தது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். விழுந்தாலும் எழுந்திருக்கத் தரையில் ஊன்ற ஒரு கை இருந்தது. பட்டா கேட்டு மனு கொடுக்கலாம், அரசு வேலைக்குப் பரீட்சை எழுதலாம், கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாம். ஒரு தலைமுறை கூலி வேலை பார்த்தாலும் அடுத்த தலைமுறைக்குக் கதவு திறந்திருந்தது.

■ படகில் வந்தவர்கள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பல கட்டங்களாக இந்தியா வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்கள், அதில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர்.

இந்த முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். தோட்டத்தில் கலவரம் வந்தபோது வவுனியா, கிளிநொச்சி பக்கம் ஓடிப்போய்க் குடியேறியவர்கள். அங்கேயும் போர் துரத்தியதால் படகேறினார்கள். அதாவது, 1964 ஒப்பந்தத்தில் கப்பலில் வந்தவர்களுக்கு ரத்த உறவு. அண்ணன் கப்பலில் வந்து இந்தியன் ஆகிவிட்டார். தம்பி, 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, அப்புறம் படகில் வந்ததால் சட்டத்தின் கண்ணில் "சட்டவிரோதக் குடியேறி". பாட்டனும் பூட்டனும் ஒருவரே. வந்த வாகனம் மட்டும் வேறு.

இதில் இன்னொரு கொடுமை. அந்தப் பக்கம் தங்கிவிட்ட மலையக மக்களுக்கு 2003-ல் இலங்கையே தனிச்சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இருந்தவனுக்கும் கிடைத்தது, கப்பலில் வந்தவனுக்கும் கிடைத்தது. நம்மை நம்பிப் படகேறி வந்தவன் கைதான் இன்னும் காலி.

■ ஒரு காகிதம் இல்லையென்றால் என்ன ஆகும்?

வேலை: முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங், கட்டட வேலை, கூலி வேலை பார்க்கிறார்கள். டிகிரி முடித்த பிள்ளையும் கடைசியில் அதே பெயிண்ட் வாளியைத் தூக்குகிறது. பாஸ்போர்ட் கிடையாது. அரசு வேலையின் வாசல் கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது.

வீடு: ஒரு சென்ட் இடம் வாங்குவதாக இருந்தாலும் இலங்கைக் குடிமகன் என்ற கணக்கில் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். பெயிண்டர் ஒருவர் ரிசர்வ் வங்கிக்கு மனு எழுதி, இடம் வாங்கி, வீடு கட்டுவது நடக்கிற காரியமா?

காசு: பணக்கொடையை 2021-ல் உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை என்றால் மாதம் 3,500. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 ரூபாய் கூட வரவில்லை. "அகதிக்கு எல்லாம் சும்மா குடுக்குறாங்க"ன்னு ஃபார்வர்டு பண்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும். அதையும் வருவாய்த்துறை தணிக்கை நாளில் ஆள் நேரில் இருந்துதான் வாங்க வேண்டும்.

குரல்: ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத தெருவுக்கு எந்த எம்.எல்.ஏ. ரோடு போடுவார்?

மாநில அரசு 2021-ல் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அறிவித்ததையும், "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியதையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல காரியம் யார் செய்தாலும் நல்ல காரியம்தான். ஆனால் பெயரும் சுவரும் மாறினால் போதாது. உள்ளே இருக்கிற ஆளின் நிலை மாற வேண்டும். அது டெல்லி கையில் இருக்கிறது.

■ டெல்லி என்ன செய்தது?

2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆவணம் இல்லாமல் வந்தவர் "சட்டவிரோதக் குடியேறி", அவர் விண்ணப்பமே போட முடியாது என்றார்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, அம்மா இந்தியராகவே இருந்தாலும் அப்பா அந்தப் பட்டியலில் இருந்தால் பிறப்பால் குடியுரிமை இல்லை. சிவகாசிப் பெண் முகாம் பையனைக் கட்டிக்கொண்டால் பிறக்கிற பிள்ளைக்கு நாடு இல்லை! இது என்ன நியாயம்?

2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தார்கள். இலங்கை அதில் இல்லை. முஸ்லிம்களை விட்டது போலவே தமிழனையும் விட்டார்கள். அதே 2019 ஜூன் மாதம், இந்திய வம்சாவளியினரான முகாம் மக்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருந்தது. ஆறே மாதத்தில் வந்த சட்டத்தில் அந்தக் குரல் எங்கேயும் இல்லை.

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல் ஆவணம் இல்லை என்பதற்காக வழக்கு போட மாட்டோம் என்று ஒரு உத்தரவு போட்டார்கள். சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது சலுகை. நீயும் இந்த நாட்டுக்காரன் என்பதுதான் உரிமை. நாம் கேட்பது ரெண்டாவது.

■ "நம்ம பசங்களுக்கே வேலை இல்லையே?"

சிவகாசியில் இந்தக் கேள்வி வரும். வருவதில் தப்பில்லை. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பேரியம் தடை, சரவெடி தடை என்று அடி மேல் அடி வாங்கிய தொழில் இது. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வட்டிக்கு வாங்கும் குடும்பங்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. கூலியைக் குறைப்பது யார்? உரிமை இல்லாத தொழிலாளி இருக்கிற வரைக்கும் மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும். "நீ வரலைன்னா பரவாயில்ல, முகாம்ல ஆள் இருக்கு" என்று சொல்ல முடிகிற வரைக்கும் உன் கூலியும் ஏறாது, அவன் கூலியும் ஏறாது. உள்குத்தகை ஆலையில் விபத்து நடந்தால் உரிமையாளர் யார், குத்தகைக்காரர் யார் என்று தேடுவதே பெரும்பாடு. அங்கே குடியுரிமையும் இல்லாதவன் யாரிடம் போய் நிற்பான்? அவனுக்கும் சம உரிமை இருந்தால்தான் ரெண்டு பேரும் சேர்ந்து கூலி கேட்க முடியும்.

இன்னொண்ணும் ஞாபகப்படுத்தணும். விருதுநகரும் சிவகாசியும் வந்தவர்களால் வளர்ந்த ஊர்கள். தெற்கிலிருந்து சரக்கு ஏற்றி வந்து பேட்டை போட்டு, மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிய வரலாறு நம்முடையது. 1889-ல் விருதுநகரில் அப்படித் தொடங்கிய சத்திரிய வித்தியா சாலாவில்தான் காமராஜர் படித்தார். வந்தவனுக்குக் கடை போட இடமும், பள்ளி கட்ட உரிமையும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

■ நம் கோரிக்கை

1. குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்க வேண்டும். முகாம் மக்கள் மேல் ஒட்டிய "சட்டவிரோதக் குடியேறி" முத்திரையை நீக்க வேண்டும்.

2. இந்திய வம்சாவளியினருக்கும், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கும் முதல் கட்டமாக உடனே குடியுரிமை.

3. விரும்பி இலங்கை திரும்புபவர்களுக்குப் பாதுகாப்பான பயணமும் தேவையான ஆவணங்களும். யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது.

4. குடியுரிமையோடு வீட்டுமனையும் தொழிலும். காகிதம் மட்டும் கொடுத்துக் கைகழுவினால் என்ன நடக்கும் என்பதைத் தாயகம் திரும்பியோரின் வாழ்க்கை காட்டிவிட்டது. டான்டீயில் ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு உறுதி செய்வதும் இதே கோரிக்கையின் பாகம்.

■ இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது

லைக் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் பிறந்திருந்தாலும் இதுதான் சட்டம். அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டுப் பாஸ்போர்ட் கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களில், அம்மா அப்பா ரெண்டு பேரில் ஒருவர் இந்தியர் என்றாலும் குடியுரிமை உண்டு.

இது தெரியாமலே எத்தனை பேர் நம் முகாம்களில் இருக்கிறார்களோ! ஒன்றியப் பொறுப்பாளர்கள், வழக்கறிஞர் அணித் தோழர்கள் முகாம் தலைவர்களைச் சந்தியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மருத்துவமனை, பள்ளிப் பதிவேடுகளில் தேட உதவுங்கள். வாக்காளர் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மனு எழுதிக் கொடுங்கள். கொடி கட்டிக்கொண்டு போக வேண்டாம், பேனாவோடு போங்கள்.

நாற்பது வருஷமாக நம் பக்கத்துத் தெருவில் நம் மொழி பேசி, நம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சுவர் வேண்டும். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்கும் கொடு என்கிறோம், அவ்வளவுதான்.

பகிருங்கள் தோழர்களே. முகாம் தோழர்கள் இதைப் படித்தால், நம் மாவட்ட அலுவலகக் கதவு உங்களுக்காகத் திறந்திருக்கிறது.

#முகாம்_மக்களுக்குக்_குடியுரிமை
#அண்ணனுக்கும்_தம்பிக்கும்_ஒரே_நீதி