ஒத்த டிவியும் நாலு பொட்டியும்

2025 அக்டோபர் 27, திங்கட்கிழமை. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். முட்டுவலி வந்ததில் இருந்து எங்க ஆச்சி கடற்கரைக்குப் போறதில்லை. டிவியில் நேரடி ஒளிபரப்பு பாக்குறதோட சரி. ஆறு நாள் விரதம். அன்னைக்கு சாயங்காலம் மூணரைக்கே குளிச்சு, திருநீறு பூசி, பிளாஸ்டிக் சேரை டிவிக்கு முன்னால இழுத்துப் போட்டு உட்கார்ந்தாச்சு. நான் காலேஜ். தம்பி டியூஷன். அப்பாவுக்கு மில்லுல ஷிப்ட். அம்மா பீடிக்கடைக்குப் போயிருந்தா.

ஆறரை மணிக்கு நான் வீட்டுக்குள்ள நுழையும்போது டிவியில் "இணைய இணைப்பு இல்லை" என்று இங்கிலீஷில் ஒரு வரி நிக்குது. ஆச்சி அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா.

"எய்யா, கேபிள்காரன் கட் பண்ணிட்டான் போலிருக்கு. சம்ஹாரம் முடிஞ்சிருக்குமோ?"

கேபிள்காரர் ஒண்ணும் கட் பண்ணலை மக்கா. பண்ணினவன் நான். டிவிக்குப் பின்னால தீப்பெட்டி சைஸில் ஒரு கருப்புப் பெட்டி தொங்குது. மூணு ஹெச்டிஎம்ஐ ஓட்டை உள்ளே, ஒண்ணு வெளியே. "ஆட்டோ ஸ்விட்ச்". நானூறு ரூபாய். வாங்கிட்டு வந்தது இந்த பி.காம் மூன்றாம் ஆண்டு அறிவாளி.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபத்தைத்தான் கொஞ்சம் ஆற வச்சு இங்க எழுதுறேன். ஆட்டோ ஸ்விட்ச் வாங்காதீங்க. வயசானவங்க இருக்கிற வீட்டுல வாங்கவே வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. இந்தப் பெட்டிகளில் முக்கால்வாசிக்குத் தனியா கரண்ட் கிடையாது. ஹெச்டிஎம்ஐ வயரில் பதினெட்டாவது பின் வழியா 5 வோல்ட் வரும். அதைக் குடிச்சுத்தான் வேலை பார்க்கும். அந்த 5 வோல்ட் எந்த ஓட்டையில் புதுசா வருதோ, "ஓஹோ, இவன்தான் இப்ப ஆன் ஆகிருக்கான்" என்று அந்தப் பக்கம் தாவிடும். இதுதான் அதோட மொத்த "அறிவு". எங்க வீட்டுல செட்டாப் பாக்ஸ், நெட்டில் படம் பாக்குற ஸ்டிக், என் லேப்டாப், தம்பியோட கேம். அன்னைக்கு மூணே முக்காலுக்கு மழையில கரண்ட் போயி பத்து நிமிஷத்துல வந்திருக்கு. (பாபநாசத்தில் 1940களில் இருந்து தண்ணியில கரண்ட் எடுக்கிறாங்க. பவர் ஹவுஸுக்குப் பக்கத்து ஊர்க்காரன்னா கரண்ட் போகாதுன்னு வெளியூர் நண்பர்கள் நினைச்சா, அது அவங்க நல்ல மனசு.) கரண்ட் வந்ததும் ஸ்டிக் தானா முழிச்சிருக்கு. செட்டாப் பாக்ஸ் முதல்லயே முழிச்சதோ தூங்கியே கிடந்ததோ, கடைசியா முழிச்ச ஸ்டிக்குக்குப் பெட்டி தாவிட்டுது. வீட்டுல நெட் என் போனில் இருந்து வர்றது. போன் காலேஜில். ஆச்சி செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை அமுக்கு அமுக்குன்னு அமுக்கிருக்கா. அது கேட்கிற பெட்டி வேற, திரையில தெரியுற பெட்டி வேற.

மனுஷன் ஒண்ணுமே செய்யாம பெட்டி தானா முடிவெடுக்குது. தப்பா முடிவெடுத்தா திருத்துறதுக்கு என்ன செய்யணும்? டிவிக்குப் பின்னால கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு பட்டனை அமுக்கணும். எழுபத்திரண்டு வயசு ஆச்சி சுவத்துக்கும் டிவிக்கும் நடுவுல கைவிடணும்!

இப்ப கொஞ்சம் பழைய கதை. 2006 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியில் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2011க்குள்ள ஒன்றரைக் கோடிக்கும் மேல கொடுத்தாங்க. 14 இஞ்ச். எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்தது, நான் அப்ப நடை பழகிட்டு இருந்தேன். 2011 செப்டம்பரில் அடுத்த ஆட்சி வந்து லேப்டாப் கொடுத்தது. 2017 செப்டம்பரில் அரசு கேபிள் இலவச செட்டாப் பாக்ஸ். நல்லதுதான், ஒண்ணையும் குறை சொல்லலை. எங்க தெருவுல பல வீட்டுல டிவின்னு ஒண்ணு நுழைஞ்சதே அந்த 14 இஞ்ச்தான். ஆனா கொடுத்ததை ஒண்ணோட ஒண்ணு சேர்க்கிறதுக்கு யாரும் யோசிக்கலை. எங்க டிவிக்கு இருந்தது மஞ்சள், வெள்ளைன்னு ஒரே ஒரு ஏவி ஜோடி ஓட்டை. சித்தப்பா மகனுக்கு வந்த அரசு லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. செட்டாப் பாக்ஸ் வந்ததும் இருந்த ஒரு ஓட்டையும் போச்சு.

2020ல நான் பத்தாம் கிளாஸ். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் (2019 ஆகஸ்டில் ஆரம்பிச்ச சேனல், அரசு கேபிளில் 200ஆம் நம்பர்). கணக்குப் பாடம் ஆரம்பிக்கும்போது பார்த்தா தம்பி செட்டாப் பாக்ஸ் வயரைப் பிடுங்கிட்டு டிவி கேம் வயரைச் சொருகி வச்சிருப்பான். நான் அதைப் பிடுங்க, அவன் இதைப் பிடுங்க, டிவி ஓட்டை லூஸாகி படம் கருப்பு வெள்ளையில ஆடும். பாதிப் பாடம் போயிருக்கும். (2021 பிப்ரவரியில ஆல் பாஸ் போட்டாங்க. அது வேற விஷயம். சிரிக்காதீங்க லே.)

அப்பா ஒரு நாள் பொறுக்க மாட்டாம அம்பாசமுத்திரம் போய் ஒரு ஏவி செலக்டர் வாங்கிட்டு வந்தாரு. நூத்தி இருபது ரூபாய். நாலு பட்டன். ஒண்ணை அமுக்கினா 'டக்'னு உள்ளே போய் உட்காரும், ஏற்கனவே உள்ளே இருந்தது துள்ளி வெளியே வரும். பழைய டேப் ரெக்கார்டர் பட்டன் மாதிரி. (கம்ப்யூட்டரில் ஒண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கிற வட்டத்துக்கு 'ரேடியோ பட்டன்'னு பேரு வந்ததே இப்படித்தான், பழைய கார் ரேடியோவில் இதே மாதிரி பட்டன் வரிசை இருக்கும்.) அதுக்குக் கரண்ட் வேண்டாம். உள்ளே சிப்பு கிடையாது, வெறும் தகடு. கரண்ட் போயிட்டு வந்தாலும் எந்த பட்டன் உள்ளே இருந்ததோ அதுதான். ஆச்சிக்கு அம்மா ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தா. முதல் பட்டனில் குங்குமம் வச்சு, "அத்தை, இது கேபிளு". அதுக்கப்புறம் ஆச்சி யாரையும் கூப்பிட்டதே இல்லை. தம்பி கேம் ஆடிட்டு இருக்கும்போது நேரா வந்து 'டக்'னு அமுக்கிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துருவா. வீட்டுல அதிகாரம் யாருக்குன்னு அந்தப் பெட்டிக்கு நல்லாவே தெரியும்.

2021 தீபாவளிக்குத் தவணையில 32 இஞ்ச் டிவி வந்தது. ரெண்டு ஹெச்டிஎம்ஐ. அதுலயும் பிடுங்கிச் சொருகி ஒண்ணு காலி. ஹெச்டிஎம்ஐ ஓட்டை பத்தாயிரம் தடவை தாங்கணும்னு விதி இருக்கு, ஆனா அது நேரா சொருகினா. டிவிக்குப் பின்னால குருடன் மாதிரி தடவி, கோணலா திணிச்சா எத்தனை தாங்கும்னு எங்க வீட்டுல பார்த்தாச்சு. மிச்சம் ஒரு ஓட்டை, நாலு பெட்டி.

அப்பதான் நான் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ஹெச்டிஎம்ஐ ஸ்விட்ச் இருக்கா?" கொடுத்தாரு. வீட்டுக்கு வந்து மாட்டினா வேலை செய்யலை. அது ஸ்ப்ளிட்டர்! ஸ்ப்ளிட்டர் ஒரு பெட்டியில இருந்து ரெண்டு டிவிக்குப் படம் அனுப்புறதுக்கு. கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆகும். நமக்கு வேண்டியது தலைகீழ்: பல பெட்டி, ஒரு டிவி. திரும்பக் கொண்டு போனா, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, நீங்க சரியா மாட்டலை". ரெண்டும் ஒண்ணு இல்லை அண்ணாச்சி. பெட்டி மேல 'இன்' எத்தனை, 'அவுட்' எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. இன் நிறைய இருந்தா ஸ்விட்ச். அவுட் நிறைய இருந்தா ஸ்ப்ளிட்டர். விக்கிறவங்களே இதை எண்ணிப் பாக்கிறதில்லைங்கிறது என் ரெண்டாவது கோபம். மேல நூறு ரூபாய் போட்டு இந்த ஆட்டோவை வாங்கிட்டு வந்தேன். என் நண்பன் ஒருத்தன், "மக்கா, ஆட்டோதான் லேட்டஸ்ட், நீ எந்திரிக்கவே வேண்டாம்"னான். நான் எந்திரிக்க வேண்டாம், சரி. ஆச்சி?

இதைச் சொன்னா நாலு பேர் நாலு விதமா மடக்குறாங்க.

"டிவி ரிமோட்லயே சோர்ஸ் பட்டன் இருக்கே." இருக்கு. அமுக்கினா இங்கிலீஷில் ஒரு பட்டியல் வரும். ஹெச்டிஎம்ஐ ஒண்ணு, ரெண்டு, ஏவி, இன்னும் என்னென்னவோ. ஆச்சி தமிழ் பேப்பரை வரி விடாமல் படிப்பா, இங்கிலீஷ் தெரியாது. அதுவும் போக, ஓட்டை ஒண்ணுதான் உசுரோட இருக்கு, சோர்ஸ் மாத்தி என்ன பண்ண?

"ரிமோட் வச்ச ஸ்விட்ச் வாங்கு." ஏற்கனவே டிவிக்கு ஒண்ணு, செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு. மூணாவது ரிமோட்டா? அதுவும் பிஸ்கட் மாதிரி தட்டையா, பொத்தான் பேட்டரி போட்டது. ஒரே வாரத்துல கட்டிலுக்கு அடியில போயிரும்.

"பழைய டிவியைத் தூக்கிப் போட்டுட்டு நாலு போர்ட் டிவி வாங்கு." இதைச் சொன்னவனும் காமர்ஸ்தான் படிக்கிறான். ஒரு ஓட்டை குறையுதுன்னு ஓடிட்டு இருக்கிற சொத்தைக் கழிச்சுக் கட்டச் சொல்றான். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் என்ன எழுதினானோ!

"ஃபோர் கே சப்போர்ட் இருக்கான்னு பாரு." இது இணையத்தில் விமர்சனம் பண்றவங்க பேச்சு. ஃபோர் கே படத்தை 60 ஃபிரேமில் அனுப்பணும்னா 2013ல வந்த ஹெச்டிஎம்ஐ 2.0 வேணும், வினாடிக்கு 18 ஜிகாபிட் ஓடணும். வாஸ்தவம். எங்க டிவி ஃபோர் கே இல்லை. கேபிளில் வர்றதும் ஃபோர் கே இல்லை. ஓடாத தண்ணிக்கு எதுக்குப் பெரிய மடை? அந்தக் காசுக்கு நல்ல வயர் ஒண்ணு வாங்கலாம்.

இந்தப் பேச்சு எல்லாத்துலயும் எத்தனை போர்ட், எவ்வளவு வேகம், என்ன விலைன்னு கேட்கிறாங்க. யாரு அமுக்கப் போறாங்கன்னு ஒருத்தனும் கேட்கலை. கடைக்குப் போறவன் நம்ம வயசு, விமர்சனம் போடுறவன் நம்ம வயசு. பகல் பூரா அந்த டிவி முன்னால இருக்கிறது நாம இல்லை. பீடி சுத்திக்கிட்டே பார்க்கிற அம்மாவும் ஆச்சியும்தான்.

கை பட்டன் வச்சதிலயும் ஒரு கண்ணி இருக்கு. மூணு ஓட்டைக்கு ஒரே பட்டன் வச்ச பெட்டிதான் மலிவா நிறைய கிடைக்குது. ஒரு அமுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு, இன்னொரு அமுக்கு மூணுக்கு, திரும்ப ஒண்ணுக்கு. ஹெச்டிஎம்ஐயில் ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது டிவியும் பெட்டியும் "நீ யாரு, நான் யாரு" என்று விசாரிச்சு முடிக்க ரெண்டு மூணு செகண்ட் ஆகும். அதுவரை திரை இருட்டு. ஹேண்ட்ஷேக்னு பேரு. நமக்குத் தெரியும், பொறுப்போம். பெரியவங்க "வரலையே"ன்னு இன்னொரு தடவை அமுக்குவாங்க. அது அடுத்ததுக்குத் தாவும், மறுபடி இருட்டு, மறுபடி அமுக்கு... கடைசி வரைக்கும் கேபிள் வராது. ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனி பட்டன் இருந்தா பத்து தடவை அமுக்கினாலும் கேபிள்தான். நூறு இருநூறு கூடனாலும் அதைத் தேடி வாங்குங்க. கிடைக்கலைன்னா, ரெண்டே ஓட்டை வச்சது, பட்டன் உள்ளே போய் நிக்கிற மாதிரி இருக்கிறதை வாங்குங்க. உள்ளே இருந்தா கேபிள், வெளியே இருந்தா மத்தது. கையால தடவிப் பார்த்தே சொல்லிரலாம்.

உங்க டிவியில ரெண்டு ஓட்டை நல்லா இருந்தா, கேபிளை நேரா டிவியிலயே சொருகிருங்க. ஸ்விட்ச் வழியா கொண்டு போகாதீங்க. நம்ம விளையாட்டுச் சாமானை எல்லாம் ஸ்விட்ச்சில் மாட்டி இன்னொரு ஓட்டையில விடுங்க.

இன்னொண்ணு, இது உசுரு விஷயம். ஸ்விட்ச்சை வேற பக்கம் மாத்தி வச்சா செட்டாப் பாக்ஸ் 'துண்டிச்சாச்சு'ன்னு நினைக்காதீங்க. எல்லா வயரோட மேல் உறையும் அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணாச் சேர்ந்துதான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது கேபிள் வயர் வழியா ஏதாவது வந்தா நாலு பெட்டியும் டிவியும் சேர்ந்தே போகும். பிளக்கைப் பிடுங்குறதோட சேர்த்து கேபிள்காரர் கொண்டு வந்த அந்தக் கருப்பு வயரையும் கழட்டி விடுங்க. அதையும் மேகம் இருட்டும்போதே. இடி தலைக்கு மேல வந்தப்புறம் கை வைக்காதீங்க.

சூரசம்ஹாரம் முடிஞ்ச அந்த வாரமே ஆட்டோவைக் கழட்டிட்டேன். திருநெல்வேலி ஜங்ஷனில் மூணு கடை ஏறி இறங்கி, ரெண்டு ஓட்டை, அமுக்கினா நிக்கிற பட்டன், இருநூத்தி ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஒண்ணுல செட்டாப் பாக்ஸ். இன்னொண்ணுக்கு நானும் தம்பியும் முறை வச்சு அடிச்சுக்கிடுறோம். பெட்டியை டிவிக்குப் பின்னால தொங்க விடலை. மேசை முன்பக்கத்தில், ஆச்சி சேரில் இருந்து கை எட்டுற உயரத்தில் ரெட்டை டேப் போட்டு ஒட்டியிருக்கேன். வயர் வெளியே தெரியுது, அசிங்கமா இருக்குன்னு அம்மா சொல்றா.

ஆச்சி அன்னைக்கே பட்டன் மேல குங்குமம் வச்சுட்டா. சம்ஹாரத்தை மறுநாள் என் போனில் போட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "நேத்தைக்கு நடந்ததை இன்னைக்குப் பாத்து என்னய்யா செய்ய"ன்னு போனைத் திருப்பிக் கொடுத்துட்டா.