மன உறுதியா, மாறாத வேளையா?

வீட்டில் உடற்பயிற்சியைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். இடையில் நிறுத்தியவர்களுக்கு 'மன உறுதி போதாது' என்று தீர்ப்பளித்துவிடுவது வழக்கம். அத்தீர்ப்பு மறுபரிசீலனைக்குரியது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு செயல் பழக்கமாக வேரூன்ற ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதும் குலைக்கவில்லை. 'காலை உணவுக்குப் பின்' என்பது போன்ற மாறாத வேளையோடு செயலைப் பிணைத்ததே அந்த ஆய்வின் அடிப்படை.

அத்தகைய வேளை இந்திய வீடுகளில் யாருக்கு வாய்க்கிறது? லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் போதிய உடலியக்கம் இல்லாத இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 57 விழுக்காடு. ஆண்கள் 42 விழுக்காடு. வீட்டுவேலையையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரும் இந்த இடைவெளி எஞ்சுகிறது. பெண்ணுக்கு வீடே பணியிடம். குக்கர் விசிலும் பள்ளிப் பேருந்தும் அவர் விரித்த பாயைச் சுருட்ட வைக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த குறைந்த அளவு, வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடங்கள். தாய்க்கோ மனைவிக்கோ ஊக்கமொழி கூறுவதினும், அந்த 22 நிமிடங்களுக்கு அடுக்களைப் பொறுப்பை மற்றவர் ஏற்பதே பயன் தரும்.