உபத்திரவத்தால் பக்தி வளருகிறதா?

கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் நமது கிறிஸ்தவ நண்பர்கள் வழக்கமாகச் சொல்லிவரும் வாதம் ஒன்று உண்டு. அதாவது, அடியும் உதையும் பட்ட காலத்தில் தங்கள் விசுவாசம் நெருப்பாய் எரிந்ததென்றும், பள்ளிக்கூடமும் உத்தியோகமும் மாடி வீடும் வந்த பிறகு அது ஆறிப் போய்விட்டதென்றும், ஆதலால் உபத்திரவம் வந்தால்தான் சபை பிழைக்குமென்றும் பிரசங்கம் செய்கிறார்கள். இதைக் கேட்கும் ஏழை ஜனங்களும், தீப்பெட்டி ஆபீசில் விரல் தேய உழைப்பவர்களும், தாங்கள் படும் கஷ்டமே தங்களுக்கு மோட்ச டிக்கெட்டு என்று நம்பி விடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் வாஸ்தவம் என்று பார்ப்போம்.

உபத்திரவத்தால் ஒரு மதம் பலப்படுமானால், கோவில்பட்டிக்கு மேற்கேயுள்ள கழுகுமலையில் இன்று சமணர்கள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ வேண்டுமல்லவா? சுமார் 1200 வருஷங்களுக்கு முன் அந்த மலைப் பாறையில் தீர்த்தங்கரர்களை வரிசை வரிசையாகச் செதுக்கினார்கள். செய்வித்தவர்களின் பெயர்களும் கீழே வெட்டப்பட்டிருக்கின்றன. மதுரையில் 8000 சமணர் கழுவேறியதாகச் சைவப் புராணமே பெருமையாகப் பாடுகிறது. அந்தக் கணக்கு வெறுங் கதையாகவே இருக்கட்டும். அரசன் ஆதரவு கை மாறியதும் நடந்ததென்ன? சிற்பம் நிற்கிறது, சமணம் எங்கே? அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி அல்லவா தேரோட்டிக் கொண்டிருக்கிறார்!

ஜப்பானைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தோம். அங்கே 1614-ல் கிறிஸ்துவ மதம் தடுக்கப்பட்டது. 1865-ல் நாகசாகியில் ஒளிந்திருந்த விசுவாசிகள் வெளிவந்தார்கள். அது உண்மைதான். ஆனால் லட்சக்கணக்கில் இருந்தவர்களில் மிஞ்சியது ஒரு சிறு பகுதியே. மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, அழிந்தவர்களை விட்டுவிடுவது எந்த ஊர்க் கணக்கு?

நிற்க. நமது ஜில்லாவில் உபத்திரவப்பட்ட கிறிஸ்தவர்கள் பெருகவில்லையா என்று கேட்கலாம். பெருகினார்கள். 1799-ல் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் சொந்தமாய் நிலம் வாங்கி முதலூர் என்று பெயரிட்டுக் குடியேறினார்கள். தலை சாய்க்க ஓர் ஊரும், கூப்பிட்டால் வருகிற ஆளும், எழுதப் படிக்கப் பள்ளிக்கூடமும் கிடைத்தன, அதனால் நிலைத்தார்கள். வாங்கிய அடியால் வளர்ந்தார்கள் என்பது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவனை விட்டுவிட்டு இடியைக் கும்பிடுவது போலாகும்.

இனி, சுகத்தால் விசுவாசம் கெடுகிறது என்கிறார்களே, அதையும் கவனிப்போம். வடக்கன்குளம் என்ற ஊரில் 1745-ல் திருவாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மனிதரின் நெஞ்சுறுதியை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அவர் செத்து 120 வருஷங்கழித்து, 1872-ல், அதே வடக்கன்குளத்தில் கட்டிய மாதா கோவில் எப்படி இருந்தது தெரியுமா? கால்சட்டையைப் போல இரண்டு காலாகப் பிரித்து, ஒரு காலில் வேளாளரும் மறு காலில் நாடாரும் மண்டியிட வேண்டும். பீடம் மட்டும் இருவருக்கும் பொது! 1910-ல் கௌசானல் என்ற வெள்ளைக்காரச் சாமியார் இடைச்சுவரை எடுக்கப் போக, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைக்கோர்ட்டு வரை வழக்காடித் தோற்றார்கள். மதம் மாறியும் சாதி மாறாத இவர்களுக்குத் தளர்ந்தது எது? விசுவாசம் தளர்ந்திருந்தால் கோவிலுக்கே வராமலிருந்திருப்பார்கள். வந்தார்கள், சுவரோடு வந்தார்கள்!

தேவசகாயத்துக்கு 2022-ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற வாலை நறுக்கி விட்டார்கள், சந்தோஷம். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் நாம் சொன்னது அங்கே போய்ச் சேர 93 வருஷம் ஆயிற்று.

1877-ம் வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை இன்றும் சிலர் ஏளனம் செய்கிறார்கள். பசித்தவன் கஞ்சி உள்ள பக்கம் போனதில் என்ன கேவலம்? கஞ்சி ஊற்றாத கோவில் டிரஸ்டிகளுக்கல்லவா வெட்கம்? கழுகுமலையிலும் அப்படித்தான். தேர் வீதியில் ஊர்வலம் போகக்கூடாதென்று தடுக்கப்பட்ட நாடார்களில் ஒரு பகுதியார் கத்தோலிக்கரானார்கள். அந்த வீதியிலேயே ஒரு வீடு ஜெபக்கூடமாயிற்று. 1895 பங்குனித் தேரன்று கலகம் மூண்டு பல உயிர்கள் போயின. அவர்கள் வேண்டியது மூன்றிலொன்றான தேவனையா, அல்லது காலால் நடக்க ஒரு தெருவையா? தெருவை முன்னமே விட்டிருந்தால் சிலுவைக்கு அங்கே வேலையென்ன?

கடைசியாக ஒன்று. 1950 ஆகஸ்டு 10-ந் தேதி ஜனாதிபதி உத்தரவின்படி இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இல்லை. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான ஆதி திராவிடர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இது சுத்த அநியாயம் என்பதே நமது அபிப்பிராயம். பிரசங்கியார்களின் சித்தாந்தப்படி இந்த உபத்திரவத்தால் பக்தி பொங்கியிருக்க வேண்டும். நடப்பதோ, சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயரும் கோவிலில் ஒரு பெயருமாகப் பலர் வாழ்கிறார்கள். பிள்ளையின் படிப்பை நினைக்கிற தகப்பன் வேறென்ன செய்வான்? பிஷப்புமார்களும் வருஷந்தோறும் ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு தினமாக அனுசரித்து, உத்தரவை நீக்கும்படி சர்க்காருக்கு மனுச் செய்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் உபத்திரவம் விசுவாசத்துக்கு உரமானால், உரத்தை எடுத்துவிடும்படி மனுப் போடுவானேன்? வருகிற ஞாயிற்றுக்கிழமை இதை உங்கள் ஊர் உபதேசியாரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை நமக்கு எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறோம்.